புள்ளியில் தொடங்கும் ஃபைல்கள்

9

"அஞ்சு நிமிஷம்" என்றார் எஸ்.ஐ. அம்மா. பிறகு, "அதுக்கு மேல பேச அவகிட்ட ஒண்ணும் இல்ல" என்றார்.

பழைய நாற்காலிகள் அடுக்கிய அறை. அவற்றில் ஒன்றுகூடக் கொடுக்கப்படாமல் ஹோம் நர்ஸ் தரையில் உட்கார்ந்திருந்தாள். வலது கை விரல்கள் வீங்கியிருந்தன. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

மிஸ் அவள் எதிரில் குனிந்து நின்றார். பள்ளியில் கணக்கு நடத்தி ஓய்வு பெற்ற பிறகு துப்பறியும் தொழிலுக்கு வந்தவர். இன்னமும் எல்லோருக்கும் மிஸ்தான். வேலையில் இருந்தவரை ஒரு பிள்ளைக்கும் கிரேஸ் மார்க் போட்டதில்லை. கதவோரம் நின்றவன் கொசு. ஒரு காலத்தில் அவருடைய கடைசி பெஞ்ச். இப்போது அவருடைய டிரைவர், கம்ப்யூட்டர்காரன், தேவைப்படும்போது வாய்.

"பெரியவரைத் தனியா விட்டுட்டு ஏன் போனே?"

"நானா போகல மிஸ். கீழ்வீட்டு அண்ணன் ரூமுக்கு வந்தாரு. இன்னிக்குக் கடை லீவு, போய்க் கண்ணாடியெல்லாம் துடைச்சு வெச்சுட்டு வான்னு சாவி குடுத்தாரு. அப்பா தூங்குறார், எந்திரிக்க மாட்டார்னாரு."

"அவர் மேலயே வரலைங்கறார். சாவியை நீ திருடினேங்கறார்."

"கேமராவுல பாருங்க மிஸ். வந்தது, பேசினது எல்லாம் இருக்கும்."

"அந்த மூணு மணி நேரம் மட்டும் கேமராவுல இல்ல."

நர்ஸ் விரல்களைப் பார்த்துக்கொண்டாள். "அதைத்தான் நான் அழிச்சேன்னு அடிக்கிறாங்க. ஐயாவோட பொட்டியை எந்தப் பக்கம் தொட்டா எரியும்னுகூட எனக்குத் தெரியாது."

"எல்லாரும் உள்ள வந்தப்புறம் தற்குறி ஆயிடுவாங்க" என்றார் எஸ்.ஐ. "நாளைக்குக் காலைல கோர்ட். கட்டில்லேர்ந்து விழுந்த மனுஷனை மூணு மணி நேரம் கிடக்கவிட்டுக் கொன்னதுக்கு ஒரு செக்‌ஷன். இவளே தள்ளிவிட்டான்னா வேற செக்‌ஷன். அந்த அண்ணன் ரெண்டாவதைத்தான் கேக்கிறார்."

"வீடியோவை மீட்க முடியாதா மேடம்?" என்றான் கொசு.

"லேபுக்கு அனுப்பினா வரும். இவ பாதி தண்டனையை முடிச்சிருப்பா."

மிஸ் கிளம்பினார். நர்ஸ் பின்னாலிருந்து கூப்பிட்டாள்.

"மிஸ், கடையோட பின் ஜன்னலை நான் சாத்தாம வந்துட்டேன். மழை வந்தா உள்ள அடிக்கும்."

"டைல்ஸ் கடைம்மா" என்றான் கொசு. "நனைஞ்சா முளைக்காது."

அவள் சிரிக்கவில்லை.

அந்த வீடு மூன்று தளம். கீழே அண்ணன். நடுவில், இறந்துபோகும்வரை, பெரியவர். மேலே தங்கை. ஒரே மாடிப்படி. பெரியவரின் பிள்ளைகளான அண்ணனும் தங்கையும் இரண்டு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. நடுத்தளத்துக் கதவில் போலீஸ் சீல் இருந்தது. அதைத் தாண்டித்தான் மேலே போக வேண்டும்.

மிஸ்ஸை வேலைக்கு வைத்தவள் தங்கை. பாடப் புத்தகங்களுக்குப் பக்கம் வடிவமைப்பவள். மேசையில் பெரிய மேக் கம்ப்யூட்டர். சுவரில் ஒரு படமும் இல்லை.

"எனக்கு வேண்டியது ஒண்ணுதான். வீடியோவை அழிச்சது அண்ணன்னு நிரூபிக்கணும்."

"நர்ஸ் உள்ள இருக்கா. அவளைப் பத்தி?"

"அதுவும் சரியாயிடும் இல்லையா, இது நிரூபணமானா?"

பெரியவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எஞ்சினியராக இருந்தவர். படுத்த படுக்கையாகும் முன்பே எல்லாவற்றையும் தன் கையால் செய்து வைத்திருந்தார். கட்டிலுக்கு எதிரே கேமரா. கட்டிலுக்கு அடியில் லினக்ஸ் ஓடும் பழைய கம்ப்யூட்டர். அதிலிருந்து மேலே ஒரு கேபிள், கீழே ஒரு கேபிள். காற்றில் போகும் எதையும் அவர் நம்பியதில்லை. கேமரா ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு ஃபைல் போடும். அவை விழும் ஃபோல்டருக்கு அவர் வைத்த பெயர் 'பொது'. மகளின் மேக்கிலும் அது திறக்கும், மகனின் விண்டோஸிலும் திறக்கும். கரண்ட் பில்லோ டாக்டர் சீட்டோ, பிள்ளைகள் அதில்தான் போட்டு எடுத்துக்கொண்டார்கள்.

"ஒரே வீட்ல மூணு கட்சி" என்றான் கொசு. "பொதுக்குழு மட்டும் ஒண்ணு. உள்ள நுழைய ஆளுக்கொரு பாஸ்வேர்டு உண்டா மேடம்?"

"கிடையாது. எல்லாருக்கும் ஒரே பேரு. ஒரு வீட்டுக்குள்ள எதுக்குப் பூட்டுன்னார் அப்பா."

"போச்சு. யார் அழிச்சாலும் மிஷின் ஒரே பேரைத்தான் சொல்லும். இப்படி கேபிள் வழியா அழிச்சது குப்பைத் தொட்டிக்குக்கூடப் போகாது மிஸ். நேரா சுடுகாடு."

திரையில் ஃபைல்கள் வரிசையாக நின்றன. நடுவில் மூன்று இல்லை. பெரியவர் இறந்த நாளின் மதியம்.

"அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?"

"அச்சகத்துல. புரூஃப் பார்க்கப் போயிருந்தேன். போலீஸ் எல்லாம் போனப்புறம்தான் வந்தேன். மறுநாள் காலைல பொதுவைத் திறக்கிறேன், மூணும் இல்ல."

"அதுல என்ன இருந்துச்சுன்னு நீங்க பார்க்கல."

"எப்படிப் பார்ப்பேன்? நான்தான் இல்லையே."

மிஸ் திரையருகே போனார். ஒவ்வொரு ஃபைலின் பெயருக்குப் பக்கத்திலும் ஒரு வண்ணப் பொட்டு இருந்தது. பெரும்பாலும் பச்சை. அங்கங்கே சிவப்பு.

"இது?"

"நான் வைக்கிற குறி. பச்சைன்னா சரி. நான் பார்த்துட்டேன், அப்பா நல்லா இருந்தார்னு அர்த்தம். சிவப்புக்குப் பேரு 'அண்ணன்'. அவன் முறையில அவன் கவனிக்காம விட்டது."

"முறைன்னா?"

"ஒரு வாரம் எனக்கு. ஒரு வாரம் அவனுக்கு."

மிஸ் ஒரு சிவப்பைத் திறந்தார். பெரியவர் ஈரமான படுக்கையில் கிடந்தார். இடது கையால் போர்வையை இழுக்கப் பார்த்தார். முடியவில்லை. அடுத்த ஃபைலும் சிவப்பு. அதிலும் அதே படுக்கை. அதே கை.

"இது எடுத்தப்போ நீங்க வீட்லதான இருந்தீங்க?" என்றான் கொசு. "ஒரு படி இறங்கி மாத்திவிட்டிருக்கலாமே."

"அது அவன் முறை" என்றாள் தங்கை.

கொசு அந்த ஃபைலை மூடினான்.

"எதுக்கு இதெல்லாம் சேர்த்து வெச்சீங்க?" என்றார் மிஸ்.

"அப்பா சொல்லியிருந்தார். கடைசிவரை யார் ஒழுங்கா பார்த்துக்கறாங்களோ வீடு அவங்களுக்குன்னு. நாளைக்கு வழக்குன்னு வந்தா சாட்சி வேணுமில்ல."

"இவ்வளவு கவனமா இருக்கறவங்க தனியா ஒரு காப்பி எடுத்து வைக்கலையா?"

"பொதுவுல இருக்கே, எங்க போயிடப் போகுதுன்னு விட்டுட்டேன்." அந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அவள் முகம் வாடியது.

கேமரா இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சீல் வைத்த போலீஸ் அதை நிறுத்தவில்லை. கொசு சீல் வைத்ததிலிருந்து வந்த ஃபைல்களை வேகமாக ஓட்டிப் பார்த்தான். காலிக் கட்டில். அடியில் கம்ப்யூட்டரின் சின்ன விளக்கு. ஒருவர்கூட உள்ளே வரவில்லை.

"சீல் வெச்சப்புறம் ஐயா மிஷினை யாரும் தொடலை மிஸ். அழிச்சது சீலுக்கு அப்புறம்னா மேல் கேபிள் இல்லாட்டி கீழ் கேபிள். சீலுக்கு முன்னன்னா நர்ஸ்."

"நர்ஸ் இல்லைன்னு எப்படிச் சொல்லுவே?"

"அதுக்குத்தான மிஸ் நீங்க இருக்கீங்க."

"நீ இங்கயே இரு. நான் கீழ போறேன். ஃபோன் பண்ணுவேன்."

கீழ்த்தளத்தில் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எழவில்லை. நாற்காலியைக் காலால் தள்ளிக் காட்டினார்.

"பாப்பா அனுப்பினாளா?"

நாற்பதைத் தாண்டிய தங்கையை அவர் பாப்பா என்றார். அந்தச் சொல்லில் பிரியம் இல்லை.

"உங்களையும் கேக்கணும்னு நானாதான் வந்தேன்."

"கேளுங்க. நான் அன்னிக்கு கிளப்ல சீட்டு ஆடிட்டிருந்தேன். மேல போகல. நர்ஸ் சாவியைத் திருடிட்டுக் கடைக்குப் போயிருக்கா. என்னத்தை எடுத்தாளோ. திரும்பி வந்து பார்த்தா கிழவர் செத்துக் கிடக்கார். கேமரா ஞாபகம் வந்து அழிச்சுட்டா. இதுக்குத் துப்பு வேற துலக்கணுமா?"

"உங்க கம்ப்யூட்டர்ல பொதுவைக் கொஞ்சம் காட்டுங்க."

கையைக் கழுவிக்கொண்டு வந்தார். திறந்தார். பயமில்லை.

அதே ஃபைல்கள். ஆனால் வண்ணப் பொட்டு ஒன்றுமில்லை. பதிலாக ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு துணை இருந்தது. அதே பெயர், முன்னால் ஒரு புள்ளியும் கோடும். மங்கலாக, அளவில் சிறியதாக.

"இது என்ன?"

"குப்பை. பாப்பாவோட மிஷின் போடுற எச்சம். அவ ஒரு ஃபைல்ல கை வெச்சா பக்கத்துலயே இதைப் போட்டுட்டுப் போகும். அவ மிஷின்ல தெரியாது. வேடிக்கையைப் பாருங்க, போடுறது அவ, பார்க்கிறது நான்."

"கூட்டித் தள்ள வேண்டியதுதானே?"

"தள்ளினேன் ஒரு தடவை. மேல ஒரே கூச்சல். அவ வெச்ச கலரெல்லாம் போச்சாம். கலர் இதுக்குள்ளதான் இருக்குமாம். அப்பா என்னைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். புள்ளியில தொடங்குற எதையும் தொடக்கூடாதுன்னுட்டார். அன்னிக்கோட விட்டுட்டேன்."

"அப்பா சொன்னா கேப்பீங்க."

"அது ஒண்ணுதான் கேட்டேன்" என்று சிரித்தார்.

மிஸ் பட்டியலில் அந்த மதியத்தைத் தேடினார். மூன்று ஃபைல் இல்லை. மூன்று குப்பை இருந்தது. உடம்பு போய் நிழல் மட்டும் நின்றது.

அவர் கொசுவுக்கு ஃபோன் செய்தார்.

"அந்த மேக்ல ஒரு புது ஃபைல் பண்ணு. உன் பேரையே வை. பச்சைக் குறி வெச்சுப் பொதுவுல போடு."

கீழே திரையில் 'கொசு' வந்தது. கூடவே புள்ளி வைத்த கொசுவும்.

"வந்துச்சா மிஸ்?"

"வந்துச்சு. நிழலோட. இப்ப அங்கிருந்தே அழி."

இரண்டும் மறைந்தன.

"ரெண்டும் போச்சு. மறுபடி போடு. அழிக்காதே."

மறுபடி இரண்டும் வந்தன. மிஸ் அண்ணன் பக்கம் திரும்பினார்.

"இதை நீங்க அழிங்க சார்."

"நானா?"

"எனக்கு மவுஸ் பழக்கமில்ல."

அண்ணன் 'கொசு'வைத் தேர்ந்தெடுத்தார். ஒரு தட்டு. ஃபைல் போயிற்று. புள்ளி வைத்த கொசு இருந்த இடத்திலேயே இருந்தது. அதை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. பல வருடப் பழக்கம்.

"அவ்வளவுதான்" என்றார். "விளையாட்டு முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது சார். இந்தக் குப்பையில கொஞ்சம் பென் டிரைவ்ல அள்ளிக்கலாமா?"

"முழுசா அள்ளிட்டுப் போங்க. புண்ணியமாப் போகும்."

கொசுவைக் கீழே வரவழைத்து அள்ளச் சொன்னார். மவுஸ் பழக்கமில்லாதவர் அவன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சீல் வைத்த கதவுக்கு முன்னால், மாடிப்படித் திருப்பத்தில், கொசு தன் லேப்டாப்பை முழங்காலில் வைத்து உட்கார்ந்தான்.

"என்னை ரெண்டு தடவை கொன்னுட்டீங்க மிஸ். பிரயோஜனம் இருந்ததா?"

"நீயே சொல்லு."

"மேக்ல அழிச்சா நிழலும் கூடவே சாகுது. ரெண்டும் ஒண்ணுன்னு அதுக்குத் தெரியும். விண்டோஸுக்கு அது வேற இது வேற. உடம்பை எடுத்துட்டு நிழலை விட்டுடும். பொதுவுல மூணு நிழல் அநாதையா நிக்குது. அப்ப அழிச்சது விண்டோஸ். கீழ் வீட்டு ராஜா." விரலைச் சொடுக்கினான். "அதுவும் உங்க கண்ணு முன்னால ரிகர்சல் வேற பண்ணிக் காட்டினார். கேஸ் முடிஞ்சுது. டீ சொல்லட்டுமா?"

"ஐயாவோட மிஷின்ல அழிச்சாலும் நிழல் நிக்குமே. நர்ஸ் முன்னாடியே அழிச்சிருக்கலாமே."

கொசு தலையைச் சொறிந்தான்.

"நிழல் எப்ப வரும்?"

"மேக் கை வெச்சா."

"குறி வெச்சா. குறி வைக்க ஃபைல் உயிரோட இருக்கணும். அந்த மூணு நிழலும் எந்த நேரம் பிறந்ததுன்னு பாரு. உள்ள என்ன இருக்குன்னும் பாரு."

கொசு தோண்டினான். உள்ளே பெரும்பாலும் புரியாத கிறுக்கல். நடுவில் படிக்க முடிந்த ஒரு சொல்.

"அண்ணன்" என்று வாசித்தான். "மூணுலயும் அண்ணன். செத்தவரே பேரைச் சொன்ன மாதிரி..."

நிறுத்தினான். மூன்று நேரங்களையும் பார்த்தான். மறுபடி பார்த்தான். பிறகு சீல் வைத்த கதவைப் பார்த்தான், மேலே போகும் படிகளைப் பார்த்தான்.

"எஸ்.ஐ.க்கு ஃபோன் போடு" என்றார் மிஸ். "உடனே வரச் சொல்லு. வாசல்ல செருப்பு ஸ்டாண்ட் பக்கத்துல நிக்கச் சொல்லு. பெல் அடிக்க வேணாம்."

தங்கை நாற்காலியைத் திருப்பிக்கொண்டாள்.

"என்ன கிடைச்சுது?"

"அழிச்சது உங்க அண்ணன்தான். நிரூபிக்கலாம்."

அவள் கண்களை மூடித் திறந்தாள். "எனக்குத் தெரியும். எப்படி நிரூபிப்பீங்க?"

"உங்க சிவப்பை வெச்சு."

"எந்தச் சிவப்பு?"

"அந்த மூணு ஃபைலுக்கும் நீங்க வெச்சது. ஃபைலை அழிச்சவர் உங்க குறியைத் தொடலை. அப்பா பேச்சுக்குக் கட்டுப்பட்டு விட்டுட்டார். மூணு குறியும் அங்கயே இருக்கு, எப்ப வெச்சதுங்கற நேரத்தோட."

தங்கையின் பார்வை மேக் பக்கம் போனது.

"கேபிள் இந்த ரூமுக்கு மட்டும்தான் வருது. அச்சகத்துக்குப் போகல. முதல் மணி முடிஞ்சதும் முதல் சிவப்பு. ரெண்டாவது மணி முடிஞ்சதும் ரெண்டாவது. உங்கப்பா விழுந்து மூணு மணி நேரம் போலத் தரையில உயிரோட கிடந்திருக்கார்னு டாக்டர் எழுதியிருக்கார். நீங்க இங்க உக்காந்து பார்த்தீங்க. இந்தப் படியில இறங்கினா அவர் கதவு."

"அது அவன் முறை" என்றாள் தங்கை. இந்தத் தடவை குரல் மெலிந்திருந்தது.

"அவர் கேமராவைப் பார்த்தாரா?"



"கையைத் தூக்கினார்."

கொசு ஜன்னல் பக்கம் போனான்.

"எத்தனை தடவை?" என்றார் மிஸ்.

"எதுக்கு அதெல்லாம்? ஒவ்வொரு தடவையும் நானே ஓடிட்டிருந்தா அவன் என்னிக்குத்தான் மாட்டுவான்? இன்னும் கொஞ்ச நேரத்துல அவனே வந்துடுவான், வந்து பார்க்கட்டும்னு இருந்தேன். செத்துடுவார்னு யார் கண்டா?"

"நர்ஸ் வந்து அலறினா. அது கேட்டும் நீங்க எறங்கல. போலீஸ் வந்து நர்ஸை ஜீப்ல ஏத்தினாங்க. அதுக்கப்புறம்தான் மூணாவது சிவப்பு. ஜீப்ல இருந்த நர்ஸ் அதை அழிச்சிருக்க முடியாது. அவளைக் காப்பாத்தப் போறது அந்த மூணாவது குறிதான்."

தங்கை மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் முகத்தில் கணக்கு ஓடியது. மிஸ்ஸுக்கு அந்த முகம் பழக்கம். விடை வராத பிள்ளை வேறு வழி தேடும் முகம்.

"இந்தக் குறி இல்லாம அவனை மாட்ட வைக்க முடியாதா?"

"முடியாது. ரெண்டும் ஒரே கயிறு. அவரை இழுத்தா நீங்களும் வருவீங்க."

"அப்ப வேணாம். கேஸை விட்டுடுங்க. உங்க ஃபீஸ் வந்துடும்."

"நர்ஸ்?"

"நல்ல வக்கீலா பார்த்து வெச்சுத் தரேன். போதுமா?"

அவள் மேக் பக்கம் திரும்பினாள். பொதுவைத் திறந்தாள். அந்த மதியத்துக்குப் போனாள். வெறும் இடைவெளி. மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். மூடித் திறந்தாள்.

"எங்க இருக்கு?"

"உங்க மிஷின்ல தெரியாது. புள்ளியில தொடங்குறதை அது காட்டாது. கீழ் வீட்லதான் தெரியும்."

தங்கை எழுந்தாள். செருப்புகூடப் போடவில்லை. படியில் இறங்கும் சத்தம் கேட்டது. மூன்று மணி நேரம் இறங்காத படி.

"போக விடுறீங்களே மிஸ்!"

"பென் டிரைவ் உன் பையில இருக்கில்ல?"

"இருக்கு."

"அதுல நேரம் இருக்கு. யார் உக்காந்து அழிச்சா, நர்ஸை யார் அனுப்பினாங்கறது இல்ல. அதை அவங்கதான் சொல்லணும். வா."

அண்ணன் கதவைத் திறந்தார். வாசலில் தங்கையைப் பார்த்ததும் ஒரு கணம் யாரென்று தெரியாதவர் போல நின்றார்.

"அண்ணா, உன் கம்ப்யூட்டரைத் திற. நான் ஒண்ணு அழிக்கணும்."

"அடேயப்பா. ரெண்டு வருஷம் கழிச்சு அண்ணா வருது. என்ன அழிக்கணும்?"

"அந்தப் புள்ளி ஃபைல். மூணே மூணு. நீயே அழி."

"தொடக்கூடாதுன்னு அப்பாகிட்டப் போட்டுக்குடுத்தது யாரு? அன்னிக்கு அவர் முன்னால நாயை விரட்டுற மாதிரி விரட்டினியே. இப்ப நீ வந்து நிப்பே, நான் அழிக்கணுமா? போடி மேல."

"புரியாம பேசாதே. அது இருந்தா உனக்கும் ஆபத்து."

"எனக்கென்ன ஆபத்து? அது உன் எச்சம்."

"நீ வீடியோவை அழிச்சது அதுல தெரியும்!"

"அழிச்சேன். ஆமா, அழிச்சேன். குப்பையைத் தொட்டேனா? இல்லையே. உன் குப்பைக்கும் எனக்கும் என்ன?"

"நர்ஸை நீ கடைக்குத் துரத்தினது, சாவியைத் தூக்கிப் போட்டது, எல்லாம் அந்த வீடியோவுல இருந்துச்சு. நான் பார்த்தேன்!"

அண்ணன் கதவு நிலையைப் பிடித்தார்.

"எப்பப் பார்த்தே?"

தங்கை வாயை மூடினாள். காலம் கடந்திருந்தது.

"எப்படி பாப்பா பார்த்தே? மறுநாள் விடிஞ்சதுமே நான் அழிச்சுட்டேனே." அவர் மெதுவாகக் கணக்குப் போட்டார். "அப்ப அன்னிக்கே பார்த்திருக்கே. அச்சகம்னு சொன்னது பொய். மேலதான் இருந்திருக்கே. அவர் கிடந்தப்போ."

"உன் முறை" என்றாள் தங்கை.

"ஒரு சத்தம் போட்டிருக்கலாமே பாப்பா."

"நீ இருந்தாத்தானே சத்தம் போட? சீட்டு ஆடப் போயிட்டே!"

"அவளை அனுப்பினது ரெண்டு மணி நேர வேலைக்குடி. ரெண்டே மணி நேரம். நீதான் மேல இருக்கியேன்னு..."

அவர் முடிக்கவில்லை. செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்திலிருந்து எஸ்.ஐ. அம்மா வெளிச்சத்துக்கு வந்தார். பின்னால் இரண்டு கான்ஸ்டபிள்கள்.

"சொல்லுங்க சார். நல்லாத்தான போயிட்டிருந்தது."

அண்ணன் தங்கையைப் பார்த்தார். தங்கை மாடிப்படியில் நின்ற மிஸ்ஸைப் பார்த்தாள்.

"உங்களை வேலைக்கு வெச்சது நான்."

"அழிச்சது யார்னு கேட்டீங்க" என்றார் மிஸ். "கண்டுபிடிச்சுக் குடுத்துட்டேன்."

ஜீப் ஒன்றுதான் வந்திருந்தது. பின் சீட்டில் இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். ஆளுக்கொரு பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"ரெண்டு வருஷத்துல முதல் குடும்ப உலா" என்றான் கொசு. சொன்ன பிறகு அவனுக்கே பிடிக்கவில்லை.

நர்ஸை வெளியே விட மாலையாயிற்று. எஸ்.ஐ. கையெழுத்துக் கேட்டார். வீங்கிய விரல்களில் பேனா நிற்கவில்லை. இடது கைப் பெருவிரலில் மை தடவி வைத்துக்கொண்டார்கள்.

மழை தூற ஆரம்பித்திருந்தது. கொசு காரின் பின் கதவைத் திறந்து பிடித்தான். அவள் ஏறவில்லை.

"மிஸ், ஐயா எப்ப விழுந்தாராம்?"

"நீ போய்க் கொஞ்ச நேரத்துல."

"உடனே..."

"உடனேதாம்மா" என்றான் கொசு அவசரமாக. "தூக்கத்துல போன மாதிரி. வலியே தெரிஞ்சிருக்காது."

அவள் கொசுவைப் பார்க்கவில்லை. மிஸ்ஸைத்தான் பார்த்தாள்.

"மூணு மணி நேரம்" என்றார் மிஸ்.

"கூப்பிட்டாரா?"

"கையைத் தூக்கியிருக்கார்."

நர்ஸ் தலையாட்டினாள். நனைந்துகொண்டே நின்றாள்.

"அண்ணன் சொன்னப்போ, முடியாது, ஐயாவைத் தனியா விட மாட்டேன்னு சொல்லலாம்னுதான் வாய் வரைக்கும் வந்துச்சு. வேலை போயிடுமேன்னு போயிட்டேன். நான் போகாம இருந்திருந்தா பொழைச்சிருப்பாரா மிஸ்?"

கொசு மிஸ்ஸின் கையைத் தொட்டான். வேண்டாம் என்பதுபோல.

"பொழைச்சிருப்பார்" என்றார் மிஸ்.